ஜாதி நாயும் ஜாதி நோயும்

நம் ஜனங்கள் ஒரு நாயை உயர்த்திச் சொல்ல விரும்பினால் "அது ஜாதி நாய்" என்பார்கள். தாழ்த்திச் சொல்ல விரும்பினால் "அது தெரு நாய்" என்பார்கள். தெருவில் பிறப்பது ஒரு குற்றமா, ஜாதியில் பிறப்பது ஒரு யோக்கியதையா என்று கேட்பாரில்லை. இவ்விஷயத்தில் ஆங்கிலம் பேசுவோர் நம்மையும் மிஞ்சிவிட்டனர். இந்தியாவிலே எஜமானன் இல்லாமல் திரிந்த நாயைக் குறிக்க அவர்களுக்கு ஒரு சொல் வேண்டியிருந்தது. பறையடித்த மக்களின் பெயரையே தமிழிலிருந்து எடுத்து அந்த நாயின் கழுத்தில் கட்டினார்கள். 'பறையா நாய்' என்று பொருள்படும் அச்சொல் இன்றும் அவர்களுடைய அகராதிகளில் இருக்கிறது. ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் நாம் அச்சொல்லைப் படித்தபோது, அது யாருடைய வீட்டிலிருந்து போன சொல் என்பதை எந்த உபாத்தியாயரும் நமக்குச் சொல்லவில்லை.

ஆக, நாய்க்கும் ஜாதி வகுத்தாயிற்று. வகுத்தவர்கள் அதோடு நிற்கவில்லை. ஜாதி கெடாமல் காக்க ஏடு வைத்தார்கள். ஏட்டில் பெயர் உள்ள நாய்க்கு ஏட்டில் பெயர் உள்ள நாயையே ஜோடி சேர்க்க வேண்டுமென்று விதி செய்தார்கள். அந்த விதிக்கு உட்பட்டுப் பிறந்த குட்டிக்குப் பத்திரம் எழுதிக் கொடுத்து விலையை உயர்த்தினார்கள். நாம் இங்கே சொல்ல வருவது ஒன்றே. 'சுத்த ரத்தம்' என்று விலை பேசப்படுவது பல சமயங்களில் மூடி வைக்கப்பட்ட நோய்க்கு மறுபெயராக இருக்கிறது. அதற்குரிய தண்டனையை விற்றவன் அனுபவிப்பதில்லை; வாயில்லாத ஜீவன் அனுபவிக்கிறது.

சம்பளம், வீடு, பள்ளிக்கூடம் என்று நமக்கு ஆயிரம் கவலை இருக்க, நாய்க்கு ஒரு கட்டுரையா என்று சிலர் கேட்கலாம். நாய் நம் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டபடியால் கேட்கிறோம் என்பதே நமது விடை. முன்னாளில் தோட்டத்தில் துரை பங்களாவுக்கு ஒரு நாய், லயத்துக்கு ஒரு நாய் என்று இருந்தது. பங்களா நாய்க்குப் பெயர் உண்டு, ஆள் உண்டு, இறைச்சி உண்டு. லயத்து நாய்க்கு மிஞ்சிய சோறு உண்டு. ரப்பர் தோட்டங்கள் வீட்டுமனைகளாகவும் தொழிற்சாலைகளாகவும் மாறியபோது, எத்தனையோ குடும்பங்கள் மூட்டை முடிச்சோடு பட்டணத்து ஓரங்களுக்கு வந்து சேர்ந்தன. பெட்டாலிங் ஜெயாவின் ஓரத்தில், பழைய கிள்ளான் சாலையை அடுத்த கம்போங் மேடானும் அத்தகைய இடங்களில் ஒன்று. அங்கே இன்று உழைத்துச் சம்பாதிக்கும் வாலிபர் சிலர், கையில் நாலு காசு சேர்ந்தவுடன் ஒரு ஜாதி நாய்க்குட்டி வாங்குகின்றனர். தாத்தா துரை பங்களாவின் வெளியே நின்று பார்த்த நாயைப் பேரன் தன் கயிற்றில் பிடித்து நடத்துவதில் ஒரு திருப்தி இருக்கிறது. அந்தத் திருப்தியை நாம் பரிகசிக்கவில்லை. அதற்கு விலையாக என்ன வாங்குகிறோம் என்பதையே கேட்கிறோம்.

முதலில் நோயைச் சொல்லுவோம். வைட்டமின் பி12 என்பது ஒரு ஜீவசத்து. அதை மரமும் செடியும் உண்டாக்குவதில்லை, மிருகமும் உண்டாக்குவதில்லை, கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்களே உண்டாக்குகின்றன. ஈரல், இறைச்சி, முட்டை, பால் முதலியவற்றின் வழியாக அது மனிதனுக்கும் நாய்க்கும் கிடைக்கிறது. வேண்டிய அளவோ மிகமிகச் சொற்பம். ஆனால் அந்தச் சொற்பம் இல்லாவிட்டால் ரத்தம் ஊறாது, நரம்பு தளரும். உண்ட பி12 ஒரு துணைப் புரதத்தோடு சேர்ந்து சிறுகுடலின் கடைப்பகுதிக்குச் செல்கிறது. அங்கே குடற்சுவரில் அதை உள்ளே வாங்கிக்கொள்ள ஒரு வாயில் இருக்கிறது. க்யூபிலின், அம்னியன்லெஸ் என்னும் இரண்டு புரதங்கள் கூடி அந்த வாயிலாக அமைகின்றன. இரண்டில் எது பிறவியிலேயே பழுதாயிருந்தாலும் கதவு திறவாது. தட்டு நிறைய ஈரலை வைத்தாலும் அந்த நாய் பி12-க்குப் பட்டினிதான்.

இந்நோயுள்ள குட்டி பிறக்கும்போது மற்றக் குட்டிகளைப்போலவே இருக்கும். தாயிடமிருந்து பெற்ற சேமிப்பு கொஞ்சநாள் தாங்கும். பின்பு சில வாரங்களிலோ சில மாதங்களிலோ அது உணவில் வெறுப்புக் கொள்ளும், கூடப் பிறந்தவை வளர இது வளராது, சோர்ந்து படுக்கும், ரத்தம் வெளுக்கும், சிறுநீரில் புரதம் கசியும், சிலவற்றுக்கு வலிப்பும் வரும். காலத்தில் கண்டுபிடித்து பி12-ஐ ஊசியாகப் போட்டால் பெரும்பாலும் சில தினங்களிலேயே எழுந்து நடமாடத் தொடங்கும். கண்டுபிடிக்காவிட்டால் மெலிந்து மெலிந்து சாகும்.

மனிதரில் இந்நோயை 1960-ஆம் வருஷத்தில் நார்வே நாட்டு ஓல்கா இமர்ஸ்லுண்ட் என்னும் மாதும், பின்லாந்து நாட்டு ரால்ஃப் கிரெஸ்பெக் என்பவரும் தனித்தனியே எழுதி அறிவித்தனர். அவ்விருவர் பெயராலேயே அது வழங்குகிறது. நாயில் இது இருப்பதை 1989-இல் அமெரிக்காவில் ஜயன்ட் ஷ்நாட்ஸர் என்னும் ஜாதியில் கண்டு எழுதினார்கள். அந்த ஜாதியிலும் ஆஸ்திரேலியன் ஷெப்பர்ட் ஜாதியிலும் அம்னியன்லெஸ் மரபணுவில் பிழை இருப்பது 2005-இல் வெளியாயிற்று. பார்டர் காலி ஜாதியில் க்யூபிலின் மரபணுவின் பிழை 2013-இலும், பீகிள் ஜாதியில் அதே மரபணுவின் வேறொரு பிழை 2014-இலும் அறிவிக்கப்பட்டன. அறிவீனத்தைச் சாக்குச் சொல்லும் காலம் இவ்வாறு கடந்துபோயிற்று. இந்தப் பிழைகளை நாயின் கன்னத்து உட்புறத்தில் ஒரு பஞ்சுக் குச்சியால் துடைத்தெடுத்தோ, ஒரு துளி ரத்தத்தாலோ இன்று சோதித்தறியலாம்.

ஜீவசத்துக் குறைவு என்றால் என்னவென்று உலகத்துக்குக் கற்பித்த ஊர்களில் நமது கோலாலம்பூரும் ஒன்று என்பதை வாசகர்களில் பலர் அறியார். ஏறக்குறைய நூற்றிருபது வருஷங்களுக்கு முன் மலாய் நாட்டில் பெரிபெரி என்னும் நோய் ஆயிரக்கணக்கான சீனத் தொழிலாளரைக் கொன்றது. தமிழ்த் தொழிலாளருக்கோ அது அநேகமாக வருவதில்லை. 1905-இல் வில்லியம் ஃப்ளெட்சர் என்னும் வைத்தியர் கோலாலம்பூர்ப் பைத்திய ஆஸ்பத்திரியில் இருந்தவர்களை இரு பிரிவாக்கி, ஒரு சாராருக்குச் சயாம் நாட்டுத் தீட்டிய வெள்ளைப் பச்சரிசியும், மற்றொரு சாராருக்கு இந்தியப் புழுங்கல் அரிசியும் கொடுத்துப் பார்த்தார். நோய் கட்டிடத்திலிருந்து தொற்றுகிறதோ என்று ஐயுற்று இருசாராரையும் இடம் மாற்றியும் பார்த்தார். வெள்ளை அரிசி உண்டவர்களிடமே பெரிபெரி கண்டது, பலர் மாண்டனர். அந்த ஏழைகளின் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை என்பதையும் நாம் மறந்துவிடக் கூடாது. 1907-இல் அம்முடிவு அச்சேறிற்று. நெல்லைப் புழுக்கும்போது தவிட்டின் ஜீவசத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பச்சரிசியை வெள்ளை வெளேரென்று தீட்டும்போது அது தவிட்டோடு போய்விடுகிறது. பழுப்பாயிருந்த கூலிக்காரன் அரிசி உயிர் காத்தது. பளபளத்த அரிசி கொன்றது.

பெரிபெரி உணவிலுள்ள குறை. நாம் சொல்லும் நாயின் நோய் பிறப்பிலுள்ள குறை. முன்னதை அரிசியை மாற்றித் தீர்க்கலாம். பின்னதை ஜோடி சேர்க்கும் முறையை மாற்றாமல் தீர்க்க முடியாது. இரண்டுக்கும் பொதுவான மூடத்தனம் ஒன்று உண்டு. கண்ணுக்கு அழகாயிருப்பதற்காகத் தீட்டித் தீட்டி, உள்ளே இருந்த உயிர் போவதைக் கவனியாமலிருப்பதே அது.

இந்நோய் ஏன் ஜாதி நாய்களில் தலைகாட்டுகிறது? ஒவ்வொரு குட்டிக்கும் ஒவ்வொரு மரபணுவிலும் இரண்டு பிரதிகள் உண்டு. ஒன்று தகப்பனிடமிருந்தும் மற்றொன்று தாயிடமிருந்தும் வருகிறது. ஒரு பிரதி பழுதாயிருந்தாலும் மற்றது வேலை செய்யும். நாய் சுகமாகவே இருக்கும். அத்தகைய நாயைச் சுமப்பான் என்று சொல்லலாம். சுமப்பானும் சுமப்பானும் கூடினால், பிறக்கும் குட்டிகளில் சராசரி நான்கில் ஒன்றுக்கு இரு பிரதியும் பழுது, அதுவே நோயாளி. நான்கில் இரண்டு பெற்றோரைப்போலச் சுமப்பான்கள். நான்கில் ஒன்றே சுத்தம். அந்நியமான இரண்டு நாய்கள் கூடினால் இருவரும் ஒரே பழுதைச் சுமந்திருப்பது அபூர்வம். ஒரே தாத்தாவின் பேரக்குட்டிகள் கூடினாலோ அந்த அபூர்வம் வெகு சாதாரணமாகிவிடுகிறது. கண்காட்சியில் பரிசு பெற்ற ஓர் ஆண் நாயை ஊரிலுள்ள பெட்டைகளுக்கெல்லாம் விட்டு, அதன் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் மறுபடி தமக்குள்ளேயே சேர்க்கும் வழக்கம், அந்த ஆண் நாய் மறைத்துச் சுமந்த பழுதை ஜாதி முழுவதற்கும் பிரசாதம்போல் விநியோகிக்கிறது.

இந்த நான்கில் ஒன்று என்னும் கணக்குத் தோட்டத்து ஆட்களுக்குப் புதியதன்று. செம்பனை நடும் எந்தத் தோட்டத்திலும் கேட்டுப் பாருங்கள். தடித்த ஓடுள்ள டூராவையும், ஓடே இல்லாத பிசிஃபெராவையும் கலந்து பெற்ற தெனெரா என்னும் மெல்லோட்டுக் கலப்பையே கம்பெனிகள் நடுகின்றன. 1941-இல் பெல்ஜியருடைய காங்கோவிலே இந்த ஓட்டின் வித்தை ஒரே மரபணுவின் வேலை என்று கண்டறிந்தார்கள். தெனெராவின் பழத்தைப் பொறுக்கி முளைக்கவிட்டு நட்டால், நான்கில் ஒன்று டூராவாகவும், ஒன்று பிசிஃபெராவாகவும், இரண்டே தெனெராவாகவும் வரும் என்பது தெரிந்ததால் எந்த மானேஜரும் அப்படி நடுவதில்லை. அன்றியும், இந்தப் பக்கத்து டூரா மரங்களின் பரம்பரை 1848-இல் ஜாவாவின் போகோர்த் தோட்டத்தில் நட்ட நான்கே மரங்களிலிருந்து வந்ததாகையால், ஆப்பிரிக்காவிலிருந்து புது ரத்தம் கொண்டுவர ஆராய்ச்சிக்காரர் கடல் கடந்து அலைந்தார்கள். லாபம் தரும் மரத்துக்குக் கலப்பு வேண்டும், புது ரத்தம் வேண்டும், யார் பிள்ளை யார் என்ற சோதனையும் வேண்டும். உயிரும் வலியும் உள்ள நாய்க்கு மாத்திரம் கலப்பு அவமானமா என்று நாம் கேட்கிறோம்.

கம்போங் மேடானில் நமக்குத் தெரிந்த ஒரு வாலிபர் இரண்டு மாதச் சம்பளத்தைக் கொடுத்து ஒரு பீகிள் குட்டி வாங்கினார். மூன்று தலைமுறைப் பெயரும் எழுதிய பத்திரத்தை நம்மிடம் காட்டினார். நாம் கிராணி உத்தியோகம் பார்க்கிறவர்களாதலால் கண் தானாகவே பெயர் வரிசையில் ஓடிற்று. தகப்பன் பக்கத்தில் தாத்தாவாக இருந்த நாயின் பெயரே தாய் பக்கத்திலும் தாத்தாவாக இருந்தது. நமது செக்ரோலில் ஒரே பெயர் இரண்டு இடத்தில் வந்தால் அது பிழை, அல்லது திருட்டு. சிவப்பு மையால் அடித்துவிடுவோம். விற்றவரோ அதையே விரலால் தொட்டுக் காட்டி, "இரண்டு பக்கமும் சாம்பியன் ரத்தம்" என்று அதற்கும் சேர்த்து விலை வாங்கியிருந்தார். குட்டி வளரவில்லை. உணவை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். விற்றவரிடம் சொன்னபோது, பத்திரம் உள்ள நாய்க்குக் குறை வராது, சோறு போட்டுக் கெடுத்திருப்பீர்கள் என்று பதில் வந்தது. ஆறு மாதத்துக்குள் அது செத்துப்போயிற்று. அதற்கு இருந்தது இந்நோய்தான் என்று நாம் சாதிக்கவில்லை. குட்டியிடத்திலும் சரி, அதைப் பெற்றவற்றினிடத்திலும் சரி, எந்தச் சோதனையும் எந்நாளும் செய்யப்படவில்லை. நமது வழக்கே அதுதான். மூன்று தலைமுறையின் பெயரை எழுதக் காகிதம் இருந்தது; ஒரு தலைமுறையின் ரத்தத்தைப் பார்க்க மனமில்லை.

இனி, எதிர்வாதங்களை எடுத்துக்கொள்வோம்.

பி12 ஊசி மலிவாயிற்றே, போட்டால் தீர்ந்துவிடுகிறதே, இதற்கு ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம் என்பர் சிலர். ஊசி மலிவுதான். ஆனால் நோய் இன்னதென்று தெரிந்தால்தானே ஊசி? பிடிவாதமாக உண்ணாத குட்டியைப் புழுவென்றும், குடற்காய்ச்சலென்றும் பல நாள் வைத்தியம் பார்த்த பின்னரே அபூர்வமாக இந்நோயின் நினைவு வருகிறது. தெரிந்த பின்னும் அந்த நாய்க்கு ஆயுள் முழுவதும் பி12 கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். விற்பவன் ஒருமுறை செய்ய வேண்டிய சோதனையை மிச்சம்பிடிக்க, வாங்கியவன் ஆயுள் முழுவதும் மருந்துக்குக் கட்டுப்பட்டவனாகிறான். இது எந்த ஊர் நியாயம்?

தெரு நாய்க்குப் பிறவி நோய் இல்லையா என்பர் வேறு சிலர். உண்டு. கலப்பு நாய்களிலும் பழுதான பிரதியைச் சுமப்பவை இருக்கின்றன. ஆனால் இரண்டு பழுதும் ஒரே குட்டியில் வந்து சேரும் வாய்ப்பு அங்கே குறைவு. கலப்பு எல்லா நோய்க்கும் மருந்து என்று நாம் சொல்லவில்லை. அடைப்பு நோயை வளர்க்கிறது என்று சொல்லுகிறோம்.

ஜாதியின் அழகும் குணமும் கலப்பினால் அழிந்துவிடும் என்பதே பெரிய வாதம். இதற்கு விடை டால்மேஷியன் நாயின் சரித்திரத்தில் இருக்கிறது. உடலெங்கும் கரும்புள்ளி கொண்ட அந்த ஜாதி முழுவதும் ஒரு பழுதான மரபணுவைத் தாங்கிற்று. அதனால் அவற்றின் சிறுநீரில் யூரிக் அமிலம் மிகுந்தது. பல ஆண் நாய்கள் மூத்திரக் கல்லால் துடித்தன. ஜாதிக்குள்ளே நல்ல பிரதி ஒன்றுகூட மிச்சமில்லாதபடியால், ராபர்ட் ஷெய்பிள் என்னும் அமெரிக்கர் 1973-இல் ஒரு பாயின்டர் நாயோடு ஒரே ஒருமுறை கலந்தார். பிறகு தலைமுறைதோறும் டால்மேஷியனோடே சேர்த்து, நல்ல மரபணுவை மட்டும் காத்துவந்தார். புள்ளியும் உருவமும் திரும்பிவிட்டன. கல் நோய்க்குக் காரணமான பழுது ஒழிந்தது. 1981-இல் அமெரிக்கன் கென்னல் கிளப் அவற்றில் இரண்டைப் பதிந்தது; ஜாதிச் சங்கத்தார் எதிர்க்கவே கதவை மூடிவிட்டது. மீண்டும் திறந்தது 2011-இல். ஒரு பாட்டனின் ஜாதியை மன்னிக்க முப்பத்தெட்டு வருஷம்! அத்தனை காலமும் நாய்கள் கல்லோடு மூத்திரம் பெய்ய முக்கிக்கொண்டிருந்தன. ஏடு மாத்திரம் மாசு படாமல் இருந்தது.

சீன தேசத்து ஷார்பே நாயின் கதையும் அத்தகையதே. அந்த ஜாதி அருகிப்போன நிலையில், ஹாங்காங்கைச் சேர்ந்த மேட்கோ லா என்பவர் 1973-இல் அமெரிக்க நாய்ப் பிரியர்களுக்கு வேண்டுகோள் விடுத்தார். சில நாய்களிலிருந்து பெரியதோர் ஜாதி பெருகிற்று. வாங்குவோர் தோல் மடிப்பையே விரும்பினபடியால் மடிப்பு மேன்மேலும் கூட்டப்பட்டது. அந்தக் கனத்த மடிப்பை உண்டாக்கும் மரபணு மாற்றமே அந்த ஜாதிக்கு அடிக்கடி வரும் பிறவிக் காய்ச்சலுக்கும் காரணமென்று 2011-இல் கண்டறிந்தார்கள். பி12 குறைவும் அந்த ஜாதியில் குடும்பம் குடும்பமாய் வருகிறது. அது பதின்மூன்றாம் குரோமோசோமோடு தொடர்புடையது என்று 2010-இல் எழுதப்பட்டது. நாம் கொஞ்சிக் கிள்ளும் மடிப்புக்குள்ளே அதன் காய்ச்சல் இருக்கிறது.

பி12-ஐப் பொறுத்தவரை மனிதன் நாய்க்குக் கடன்பட்டவன் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஜார்ஜ் விப்பிள் என்னும் அமெரிக்கர் நாய்களின் ரத்தத்தை வடித்துச் சோகை உண்டாக்கி, எந்த உணவால் ரத்தம் திரும்புகிறதென்று சோதித்தார். ஈரல் முதலிடம் பெற்றது. அந்த நாய்களைக் குணமாக்கியது ஈரலிலிருந்த இரும்புச்சத்தே என்று பின்னர் தெரிந்ததாயினும், அதைக் கண்டே மைனாட்டும் மர்ஃபியும் 1926-இல் கொல்லும் சோகை கண்ட மனிதருக்கு ஈரலை உணவாகக் கொடுத்துப் பிழைக்க வைத்தனர். மூவருக்கும் 1934-இல் நோபெல் பரிசு கிடைத்தது. அந்த ஈரலில் இருந்த மருந்து பி12 என்று 1948-இல் பிரித்தெடுக்கப்பட்டது. நாயின் ரத்தத்தை வடித்து நாம் சோகைக்கு மருந்து கண்டோம். கைம்மாறாக நாய்க்குக் கொடுத்தது, அதே பி12 உட்புகாத குடலைத் தலைமுறை தலைமுறையாகப் பெருக்கும் ஏடு.

நாயைக் காட்டி மனிதரை அளப்பது நமது வழக்கமன்று. எனினும் நோய் ஒன்றாயிருக்கும்போது காரணத்தை ஒளிக்க முடியாது. பின்லாந்து மனிதரில் பழுதானது க்யூபிலின். நார்வே மனிதரில் அம்னியன்லெஸ். பார்டர் காலியிலும் ஷ்நாட்ஸரிலும் பழுதானவை முறையே அவையே. சொற்பமான மூதாதையரிலிருந்து பெருகி, வெளியார் கலப்பின்றி நெடுநாள் வாழ்ந்த கூட்டத்தில் இத்தகைய நோய்கள் மிகும் என்பதற்குப் பின்லாந்து உலகறிந்த உதாரணம். அது இயற்கையாக ஒதுங்கியிருந்த நாடு. அங்குள்ளோர் யாரும் யாரையும் தீட்டென்று ஒதுக்கி அந்நிலையை உண்டாக்கவில்லை. நாமோ திட்டமிட்டு உண்டாக்கினோம். தெற்காசியாவின் 260-க்கு மேற்பட்ட சமூகக் கூட்டங்களின் மரபணுவை ஆராய்ந்து 2017-இல் வெளியிட்டவர்கள், அவற்றுள் 81 கூட்டங்கள் பின்லாந்து மக்களினும் குறுகிய மூதாதையர் வட்டத்திலிருந்து வந்தவை என்று கண்டனர். அகமண ஜாதி என்னும் வேலி இத்தனை உயரம் எழும்பியிருக்கிறது. தென்னிந்திய வணிகக் கூட்டம் ஒன்றில், ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சைக்குத் தரும் மயக்க மருந்தால் தசைகள் நெடுநேரம் செயலற்றுப்போகும் பிறவிக் குறை மிகுந்திருப்பதை அவ்வாராய்ச்சி எடுத்துக்காட்டிற்று. நமது மலேசியாவிலோ, 1976-ஆம் வருஷத்துத் திருமண மணவிலக்குச் சட்டம் நெருங்கிய ரத்த உறவில் மணத்தைத் தடுத்துவிட்டு, இந்துக்களின் வழக்கத்துக்கு இணங்கி மாமன் தன் சகோதரி மகளை மணப்பதற்கு மட்டும் விலக்கு வைத்திருக்கிறது. "ஜாதி நாய் வேண்டும்" என்று கேட்கும் அதே வாய் "எங்கள் ஜாதியிலேயே பெண் வேண்டும்" என்று விளம்பரம் கொடுக்கும்போது, இரண்டு வாக்கியமும் ஒரே இலக்கணத்தில் அமைந்திருப்பதை நாம் சுட்டிக்காட்டாமல் இருக்க முடியவில்லை.

ஆகவே செய்ய வேண்டியது யாது? ஜாதி நாய்களையெல்லாம் ஒழித்துவிட வேண்டும் என்பதன்று. ஆட்டை மேய்க்கும் பார்டர் காலியின் சாமர்த்தியமும், மோப்பம் பிடிக்கும் பீகிளின் மூக்கும் நல்லவையே. லண்டன் கென்னல் கிளப் 1873-இல் தோன்றியது. தாயை மகனோடும், தகப்பனை மகளோடும், உடன்பிறந்ததை உடன்பிறந்ததோடும் சேர்த்துப் பெற்ற குட்டிகளைப் பதிவதில்லை என்று அது தீர்மானிக்க 2009 வரை காலம் பிடித்தது. நம் நாட்டுச் சங்கங்களும் வளர்ப்போரும் அத்தனை காலம் காத்திருக்க வேண்டியதில்லை. மரபணுச் சோதனை உள்ள ஜாதியில், பெற்றோர் இருவரையும் சோதித்த சீட்டு இல்லாமல் எந்தக் குட்டிக்கும் பத்திரம் கொடுக்கக் கூடாது. சுமப்பானைக் கொல்லவும் வேண்டாம், ஒதுக்கவும் வேண்டாம். சோதனையில் சுத்தமென்று கண்ட நாயோடு சேர்த்தால் ஒரு குட்டிக்கும் நோய் வராது. சுமப்பான்களையெல்லாம் ஒரேயடியாகத் தள்ளினால் வட்டம் இன்னும் குறுகி, வேறொரு பழுது தலைதூக்கும். ஜாதிக்குள்ளே நல்ல பிரதி கிடைக்காதபோது, டால்மேஷியனுக்குச் செய்ததுபோல் வேலியைத் திறந்து வெளி நாயைச் சேர்க்க வேண்டும்.

வாங்குவோருக்கு நாம் சொல்வது இன்னும் சுருக்கம். குட்டியின் தாத்தா பெயரைக் கேளாதீர்கள். தாய் தகப்பனின் சோதனைச் சீட்டைக் கேளுங்கள். ஒரே பெயர் இருபுறமும் வந்தால் பெருமைப்படாமல் பயப்படுங்கள். சீட்டு இல்லையென்றால் பணத்தை மடியிலேயே வைத்துக்கொண்டு திரும்புங்கள். ஏற்கெனவே வாங்கிய குட்டி வளராமல் சோர்ந்து கிடந்தால், கால்நடை வைத்தியரிடம் பி12 அளவைப் பார்க்கும்படி நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள்; காலம் தாழ்த்தாதீர்கள். நாய்தான் வேண்டும், ஜாதி வேண்டாம் என்போர்க்கு அம்பாங்கிலுள்ள சிலாங்கூர் எஸ்.பி.சி.ஏ. போன்ற இடங்களில் வீடில்லாத நாய்கள் காத்துக் கிடக்கின்றன. கம்போங் மேடான் தெருக்களிலும் குறைவில்லை.

அந்தத் தெரு நாய்க்குப் பத்திரம் இல்லை. அதன் தாத்தாவை யாரும் அறியார். ஆனால் அதன் குடல் தான் உண்ட சோற்றிலிருந்து வேண்டியதை வாங்கிக்கொள்கிறது. பத்திரமுள்ள குட்டி ஈரல் நிறைந்த தட்டின் முன்னே பட்டினி கிடக்கிறது. இவ்விரண்டில் எது உயர்ந்த பிறப்பு என்பதை, ஜாதி என்னும் சொல்லை நாய்க்கும் இரவல் கொடுத்த நம் ஜனங்களே சொல்லட்டும்.